நிமோனியாவுக்குப் பிறகு கையை ஊன்றாமல் எழ முடியாத அப்பா: எழுபது வயதில் தசை வலு திரும்புமா?

தஞ்சை_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு எழுபது முடிந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க நின்றே பழகிய உடம்பு. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்துச் சில்லறை எண்ணிக் கொடுப்பார். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பெரிய கோயில் வரை நடந்து போய்த் திரும்புவது அவர் வழக்கம்.

போன மழைக்காலத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் பல வாரம் படுக்கைதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நல்லா ஓய்வு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது நுரையீரல் சரியாகிவிட்டது, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நாற்காலியிலிருந்து இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுகிறார். முழங்காலுக்கு மேலே இருந்த அந்தத் திரட்சியான சதை போய்விட்டது. முதல் மாடிக்கு ஏறினால் பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பஸ் படியில் ஏற அவருக்கு ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது. முப்பது வருஷம் அந்தப் படியில் ஏறி இறங்கியவர் என்பதால் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. கேட்டால், "வயசாயிடுச்சும்மா, இனி இவ்வளவுதான்" என்கிறார்.

பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மின் எடுக்கிறார், கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரையும் உண்டு. தம்பி எங்கேயோ படித்துவிட்டு, வயதானால் தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் குறைந்துபோகும், அதனால்தான் தசை தேறாது என்கிறான். சொந்தக்காரர் ஒருவர் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் புத்துயிர் தரும் கேப்ஸ்யூல் என்று ஒரு டப்பா கொண்டுவந்து வைத்திருக்கிறார். மாதத்துக்கு மூவாயிரம் ரூபாயாம். டாக்டர் "நடக்கச் சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான்.

இந்த வயதில் போன தசை திரும்பி வருமா? நடந்தால் மட்டும் போதுமா? அந்தக் கேப்ஸ்யூலை வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பிசியோ_நெல்லை:

வணக்கம் சகோதரி. நான் முதியோர்களை அதிகம் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட். நீங்கள் எழுதியிருப்பதை வைத்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா இழந்ததில் பெரும்பகுதியை வயதின் கணக்கில் எழுதாதீர்கள். அது படுக்கையின் கணக்கு. வயது மெதுவாகப் பறிப்பதைப் படுக்கை சில வாரத்தில் பறித்துவிடும். ஆனால் படுக்கை பறித்ததை மீட்க வழி இருக்கிறது.

இதற்கு மருத்துவ உலகில் பேர்போன ஒரு ஆதாரம் உண்டு. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் படுக்க வைத்தார்கள். அவர்கள் உடம்பு அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய கால்பங்கு விழுந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடியும் அளந்தார்கள். அப்போது அவர்களுக்கு ஐம்பது வயது, உடம்பும் பெருத்திருந்தது. அப்படியும், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை அவர்களை இறக்கிய அளவுக்கு முப்பது வருஷ வயது இறக்கவில்லை. பிறகு ஆறு மாதம் படிப்படியாக நடக்கவும் மெதுவோட்டம் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். வயதால் இழந்த திறன் முழுவதும் திரும்பியது, அதாவது படுக்கைக்கு முன் இருபது வயதில் இருந்த அளவுக்கு. இருபது வயதில் பயிற்சி எடுத்துத் தொட்ட உச்சத்தை மட்டும் அவர்களால் மறுபடி தொட முடியவில்லை. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. ஐம்பது வயதில் வந்த அந்த முன்னேற்றம் இதயம் அதிக ரத்தத்தை அனுப்பியதால் வரவில்லை. வந்த ரத்தத்திலிருந்து தசை அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளக் கற்றதால் வந்தது. தசையில் ஆக்சிஜனைச் செலவழிக்கும் இடம் உங்கள் தம்பி சொன்ன அதே மைட்டோகாண்ட்ரியாதான்.

ஐம்பதுக்குச் சரி, எழுபதுக்கு என்ன என்று கேட்பீர்கள். பாஸ்டனில் ஒரு முதியோர் காப்பகத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் முடிவு 1990-ல் வெளியானது. விளையாட்டுக்கு அல்ல, அவர்களால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் எண்பது சதவீதம் வரை வைத்து, வாரம் மூன்று நாள். முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள். அதே குழு 1994-ல் நூறு பேரை வைத்துச் செய்த பெரிய சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. கேப்ஸ்யூல் டப்பாவைத் திறக்கும் முன் இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

நடை மட்டும் போதுமா என்றால், போதாது. நடை மூச்சுத்திறனுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் நல்லது. ஆனால் நாற்காலியிலிருந்து எழுவதும் பஸ் படி ஏறுவதும் சட்டென்று உந்தித் தள்ளும் வேலை. அதைச் செய்வது தசையில் வேகமாகச் சுருங்கும் வேக இழைகள். வயதானால் முதலில் மெலிவது அவைதான். மெதுவாக நடந்தால் அவற்றுக்கு வேலையே வராது. பாரம் வந்தால்தான் அவை எழுந்து உழைக்கும்.

அதனால் நாற்காலியிலிருந்தே தொடங்குங்கள். கை இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அவர் கையை ஊன்றாமல் எழ முடிகிற உயரம் வரும்வரை அதன் மேல் மடித்த ஜமக்காளமோ கெட்டித் தலையணையோ வையுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு, பாதத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்படி முன்னால் சாய்ந்து எழச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் முதுகை நேராக வைத்துக்கொண்டே எழப் பார்ப்பார்கள், அதனால் பின்னாலேயே விழுவார்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்க வேண்டும். இறங்கும் அந்த நேரத்தில்தான் தொடை நன்றாக உழைக்கிறது. எட்டு தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி எட்டு தடவை. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் தசைக்கு மாற வேண்டிய காரணம் கிடைக்காது. எளிதாகிவிட்டால் ஒரு மடிப்பைக் குறையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, மாடியின் முதல் படியில் மட்டும் ஏறி இறங்குவது, இவை இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடையிலும் ஒரு மாற்றம் செய்யுங்கள். அவர் வேகத்தில் இரண்டு மூன்று நிமிஷம், பிறகு ஒரு நிமிஷம் கொஞ்சம் வேகமாக. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

தொடங்கும் முன் டாக்டரிடம் காட்டி பி.பி.யும் ஈ.சி.ஜி.யும் பார்த்துவிடுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், அளவு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடு, இன்சுலின் மாதிரி ஏதாவது இருந்தால் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கிய பிறகு இரண்டு தொடையிலும் வலி வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்றைக்கே ஒரு அளவு எடுத்துவிடுங்கள். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். ஆசிய நாடுகளுக்காக 2019-ல் வகுத்த கணக்குப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை இழப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்களுக்குக் கைப்பிடி வலு 28 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான். கைப்பிடியை அளக்கும் கருவி பல பிசியோக்களிடம் இருக்கும்.

---

தசை_ஆய்வு:

பிசியோ சார் நன்றாகச் சொல்லியிருக்கிறார். நான் தசை உடலியங்கியலில் ஆராய்ச்சி செய்கிறேன். தஞ்சை_மகளின் தம்பி சொன்னது பாதி உண்மை. அந்த மற்றப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

தசை சுருங்குவதற்கு ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வேண்டும். அது எந்த நேரமும் சில விநாடிக்குத் தேவையான அளவே இருப்பில் இருக்கும். பக்கத்தில் கிரியேட்டின் பாஸ்பேட் என்று ஒன்று உண்டு, கண்டக்டர் கைப்பையில் இருக்கும் சில்லறை மாதிரி உடனடித் தேவைக்கு. அதுவும் தீர்ந்ததும் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு மறுபடி நிரப்ப வேண்டும். உங்கள் அப்பா பாதிப் படியில் நிற்கும் அந்த நேரத்தில் தசைக்குள் இந்த நிரப்பல்தான் நடக்கிறது. அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைத் தசையில் ஊசி குத்தாமல் எம்.ஆர்.ஐ. கருவியிலேயே அளக்க முடியும். மெதுவாக நிரம்புகிறவர்கள் மெதுவாக நடக்கிறவர்களாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் எழுபது வயதுக்கு மேற்பட்ட 879 பேரைச் சேர்த்து, அவர்களில் பெரும்பாலானவர்களின் தொடையிலிருந்து துளித் தசையும் எடுத்து நடத்தும் ஆய்வு ஒன்றுகூட இந்தத் தொடர்பைத் தேடித்தான் தொடங்கியது.

வயதானால் மைட்டோகாண்ட்ரியா பழுதாவது உண்மை. அதற்குச் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு, 37 மரபணுக்கள் மட்டும் கொண்ட சின்ன வளையம். வயது ஏற ஏற அதில் துண்டு துண்டாக இழப்புகள் சேரும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் தானே உடைத்து அப்புறப்படுத்தும் வேலையும் மந்தமாகும். ஆனால் இளைஞர்களையும் முதியவர்களையும் ஒப்பிட்ட பழைய ஆய்வுகள் பலவற்றில் முதியவர்கள் உட்கார்ந்தே இருப்பவர்கள். உடலுழைப்பு சமமாக உள்ளவர்களை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. வயது என்று நாம் எண்ணியதில் பெரிய பங்கு அசையாமல் இருந்ததன் விளைவு.

உழைப்பு புதிய மைட்டோகாண்ட்ரியாவை உண்டாக்கும் என்று முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜான் ஹாலோசி. 1967-ல் எலிகளை மூன்று மாதம் தினமும் ஓடவிட்டு, தசையில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இரண்டு மடங்கானதை வெளியிட்டார். அந்தக் கட்டளையைக் கொடுப்பது எது என்று தெரிய முப்பது வருஷம் ஆனது. 1998-ல் பாஸ்டனில் புரூஸ் ஸ்பீகல்மன் ஆய்வகத்தில் பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். தசை சுருங்கும்போது கசியும் கால்சியமும், ஏ.டி.பி. குறைந்ததை உணரும் என்சைமும் அந்தப் புரதத்தை எழுப்பும். அது செல்லின் உட்கருவில் மைட்டோகாண்ட்ரியாவுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். ஏ.டி.பி. குறைவதுதான் இங்கே செய்தி. குறையும் அளவுக்கு உழைக்காவிட்டால் செய்தி போகாது. பிசியோ சார் "சிரமமாக இருக்க வேண்டும்" என்றதன் பொருள் இதுதான்.

இந்தக் கட்டளை முதுமையில் செவிடாகிவிடுவதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயர் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பன்னிரண்டு வாரம் இடைவெளி விட்டுத் தீவிரமாகச் சைக்கிள் மிதித்ததில் தசையின் மைட்டோகாண்ட்ரியா திறன் இளைஞர்களுக்கு 49 சதவீதமும், 65 முதல் 80 வயதுக்காரர்களுக்கு 69 சதவீதமும் கூடியது. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குத் தசையும் வலுவும் கூடின, மூச்சுத்திறன் அப்படிக் கூடவில்லை. ஆகவே இரண்டும் வேண்டும். அந்தத் தீவிரப் பயிற்சியை அப்பாவிடம் இப்போதே செய்து பார்க்க வேண்டாம், அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் செய்தவர்கள்.

திரும்பாததையும் சொல்லிவிட வேண்டும். முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு வரும் நரம்புகள் வயதில் மடிகின்றன, அவற்றோடு சில இழைகளும் போய்விடும். அவை மறுபடி முளைக்காது. மிஞ்சியிருக்கும் இழைகள் பெருப்பதும் மைட்டோகாண்ட்ரியா கூடுவதும்தான் நாம் பெறுவது. ஒரு மனிதர் தானே பஸ் ஏறுவதற்கு அது பெரும்பாலும் போதுமானது.

மருந்து பற்றி இரண்டு வார்த்தை. வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் எடுத்துக்கொண்டே உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு இன்சுலின் செயல்பாட்டில் கிடைக்க வேண்டிய பலன் தடுக்கப்பட்டதாக 2009-ல் ஒரு ஆய்வு காட்டியது. கேப்ஸ்யூலில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள். மெட்ஃபார்மினைப் பற்றியும் 2019-ல் ஒன்று வந்தது. சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் வரும் வாய்ப்புள்ள முதியவர்களில், பயிற்சியால் தசை மைட்டோகாண்ட்ரியாவில் வர வேண்டிய முன்னேற்றம் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குச் சராசரியாக வரவில்லை. இது சர்க்கரை உள்ளவர் மாத்திரையை நிறுத்தக் காரணம் ஆகாது. கட்டுப்படாத சர்க்கரை தசையை இன்னும் வேகமாகத் தின்னும். டாக்டரிடம் கேட்கத் தகுந்த விஷயம் என்பதற்காகவே சொல்கிறேன்.

---

ஓய்வுபெற்ற_டீச்சர்:

கண்ணு, எனக்கும் எழுபதை ஒட்டிய வயது. ஊர் சேலம். ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, வீடு தெரியும். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு என் மருமகள் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட என்னை எடுக்கவிடவில்லை. பாசம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாசத்தில் என் கால் இன்னும் சூம்பியது. பிசியோ வந்த பெண்தான் மருமகளை உட்கார வைத்துப் பேசினாள். பிறகு துணிப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் போட்டுக் கணுக்காலில் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கச் சொன்னாள். பிறகு இரண்டு பாட்டில். இப்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கறிவேப்பிலை ஆய்கிறேன், ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்துவிடுகிறேன்.

உங்கள் அப்பாவுக்கு உடற்பயிற்சி என்று சொன்னால் பிடிக்காது என்று நினைக்கிறேன். அவர் காலத்து மனிதர்களுக்கு வேலை என்று கொடுத்தால்தான் ஏறும். பால் பாக்கெட் அவர் வாங்கி வரட்டும். மாடியில் காயும் துணியை அவர் எடுக்கட்டும், ஒரே நடையில் வேண்டாம், பாதி பாதியாக. பஸ் ஸ்டாண்டில் அவரோடு வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்து பேசும் இடம் கட்டாயம் இருக்கும், அங்கே போகச் சொல்லுங்கள். கூடவே போய் வாருங்கள், ஆனால் கையைப் பிடிக்காதீர்கள். ஒரு அடி பின்னால் நடங்கள்.

---

தஞ்சை_மகள்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, நீங்கள் சொன்னது எங்கள் வீட்டுக்கும் பொருந்தும், பால் வாங்கும் வேலையை நாளையே அவரிடம் கொடுக்கிறேன். டல்லாஸ் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இருபது வயசுப் பையனுக்கே அப்படியா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு தானாகவே ஹால் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டார். இரண்டு தலையணை வைத்தால் கை ஊன்றாமல் எழுகிறார். ஐந்து முறைக்கு 21 விநாடி ஆகிறது.

பிசியோ சார், இரண்டு சந்தேகம். மறுநாள் தொடை வலிக்கிறது என்கிறார், நிறுத்தலாமா? சாப்பாடு எப்படி? காலையில் மூன்று இட்லி, மதியம் சாதம் குழம்பு, ராத்திரி கோதுமைக் கஞ்சி. மீன் சாப்பிடுவார், முட்டை பிடிக்கும்.

---

பிசியோ_நெல்லை:

21 விநாடி என்றால் பயிற்சி கட்டாயம் தேவை, ஆனால் பயப்பட வேண்டிய நிலை இல்லை. தலையணையின் உயரத்தையும் அந்த எண்ணோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். உயரம் மாறினால் விநாடியை ஒப்பிட முடியாது.

மறுநாள் சதையில் வரும் வலி தொட்டால் தெரியும், நடக்க நடக்கக் குறையும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதற்காக நிறுத்த வேண்டாம், அடுத்த தடவை எண்ணிக்கையைக் கொஞ்சம் குறையுங்கள். மூட்டுக்குள் குத்துகிற வலி, வீக்கம், ஒரு பக்கக் கெண்டைக்காலில் மட்டும் சூடும் வலியும், இவை வேறு. கடைசியாகச் சொன்னது பல நாள் படுத்திருந்தவருக்கு ரத்தக்கட்டாக இருக்கலாம், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீங்கள் சொன்ன சாப்பாட்டில் புரதம் குறைவு. ஆரோக்கியமான முதியவருக்கே கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். அவர் 60 கிலோ என்றால் நாளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது, இட்லியில் அதைவிடக் குறைவு. காலையில் இரண்டு முட்டை, மதியம் மீன் அல்லது கெட்டிப் பருப்பு, மாலையில் சுண்டல், ராத்திரிக் கஞ்சிக்குப் பதில் அடையும் தயிரும் என்று ஒவ்வொரு வேளைக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் பல வருஷச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. முதலில் ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பாருங்கள். நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு, அதையும் அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ரிசல்ட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு இங்கே எழுதுங்கள், எவ்வளவு கூட்டலாம் என்று அப்போது பேசுவோம்.